அம்மாவே வேண்டாம் என்றார்கள்

தம்பி,

கல்யாணம் முடிந்து நீயும் ரேவதியும் பெங்களூர் போன மறுவாரம் கேன்டீனுக்குப் போன் செய்தாய். "முகூர்த்த நேரத்துல எங்கம்மா போயிட்டே? எல்லாரும் கேக்கறாங்க" என்றாய். மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளே சாம்பார் கொதிக்கிற நேரத்தில், அதற்கெல்லாம் பதில் சொல்ல முடியுமா? "தலைவலிடா, காத்தாட வெளியே போனேன்" என்றேன். "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்குத் தலைவலி இல்லை. அது உனக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் போனை வைத்தாய்.

நான் அன்றைக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். ஏன் போனேன், அங்கே என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். உட்கார்ந்து பொறுமையாகப் படி. நேரில் சொன்னால் நீ "சும்னே இரும்மா" என்று என் வாயை மூடிவிடுவாய். அல்லது நான் அழுதுவிடுவேன், நீ சமாதானம் செய்வாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். காகிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

முதலில் விமலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அவள் உன் மாமியார், எனக்குச் சம்பந்தி. ஆனால் அதற்கு முன்னால் அவள் எனக்கு என்னவாக இருந்தாள் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது லாரி மோதிப் போனபோது நீ ரொம்பச் சின்னவன். ஃபேக்டரிக்காரர்கள் இரக்கப்பட்டு எனக்குக் கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். வேலைக்குப் போனேன், வந்தேன், உனக்குச் சோறு போட்டேன். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. நான் பிறந்த ஹனூர்ப் பக்கத்துக் காட்டில் களை எடுக்கும்போதே பாட்டு இல்லாமல் கை ஓடாத பெண் நான். உன் அப்பாவும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டு மைசூருக்குக் கூட்டி வந்தார். அவர் போன பிறகு தொண்டையைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

மைசூர் நஞ்சுமளிகையில் அப்போது நம்மோடு ஒரே வளவில்தான் விமலா குடியிருந்தாள். ஒரு சாயங்காலம் நான் மாவாட்டிக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளைக்கு இப்படி ஊமையா இருப்பே? உன் பையன் பயந்துபோய்க் கெடக்கறான். வெள்ளிக்கிழமை கோயில் பஜனைக்கு வா. நீ ஒண்ணும் பாட வேண்டாம். தாளம் மட்டும் போடு" என்றாள். போனேன். பல வாரங்கள் ஜால்ரா மட்டுமே தட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் பாதி அடியில் இருமத் தொடங்கினாள். பாட்டு அந்தரத்தில் நின்றது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீதி அடி என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகுதான் பாடுவது நான் என்றே எனக்குத் தெரிந்தது. அந்த இருமல் பொய் இருமல் என்று பிறகு அவளே சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கு அவள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த இருமலை என்னால் மறக்க முடியாது. கோபம் இவ்வளவு பெரிதாக இருப்பதும் அதனால்தான்.

சாமி இருக்கிறாரா, கேட்கிறாரா என்றெல்லாம் எனக்கு அன்றைக்கும் நிச்சயமில்லை, இன்றைக்கும் இல்லை. உன் அப்பா சைக்கிளில் வந்த வழியில் அந்தச் சாமி எங்கே போயிருந்தார் என்ற கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் பாடிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, நாளைக் காலையில் எழுந்து அடுப்பு மூட்டலாம் என்று தோன்றும். எனக்குத் தெரிந்த பக்தி அவ்வளவுதான். பிறகு கேன்டீனிலும் பாடத் தொடங்கினேன். கத்தரிக்காய் நறுக்கும்போது ஒன்று, அரிசி களையும்போது ஒன்று. ஒருநாள் தொண்டை கட்டி நான் பாடவில்லை. சாப்பிட வந்த ஃபிட்டர் ஒருவர், "ஏனக்கா, இன்னைக்குப் பாட்டு இல்லையா? சாம்பார் சப்புன்னு இருக்கு" என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து உன்னிடம் அதைச் சொன்னபோது நீயும் சிரித்தாய். அப்பா போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் பெரிய சிரிப்பு அது.

பயணம் போகவும் பஜனைதான் சொல்லிக்கொடுத்தது. வாடகைக்கு ஒரு மெட்டடார் வேன் பிடித்து நஞ்சன்கூடு, மேல்கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம், குண்டலுபேட்டை என்று மாதம் ஒரு ஊர் போனோம். கடைசி சீட்டில் நீயும் ரேவதியும் வெள்ளரிக்காய்க்குச் சண்டை போட்டுக்கொண்டு வருவீர்கள். ஒருமுறை நஞ்சன்கூட்டுக்கும் குண்டலுபேட்டைக்கும் நடுவே வேன் படுத்துவிட்டது. மழை வேறு. டிரைவர் மெக்கானிக்கைத் தேடி லாரி ஏறிப் போய்விட்டான். பெண்களெல்லாம் பயந்துபோய் உட்கார்ந்திருந்தோம். விமலா என் தொடையில் தட்டி, "நீ ஆரம்பி" என்றாள். ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ரோட்டோரத்துச் சூரியகாந்திக் காட்டுக்காரர் குடும்பத்தோடு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்க வந்துவிட்டார். அவர் மனைவி வீட்டுக்குப் போய்ச் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டி கிளம்பும்வரை விடவில்லை. ஆண் துணை இல்லாமல் ஊர் தாண்டினால் என்ன ஆகுமோ என்று எனக்குள் இருந்த பயம் அன்றைக்குப் போனதுதான், திரும்பி வரவில்லை.

இனி அந்தத் திருக்கல்யாணம். நீ அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். குண்டலுபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் திருக்கல்யாண உற்சவத்துக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்பாளுக்குத் தாலி கட்டுகிற நேரத்துப் பாட்டு என்னுடையது என்று முடிவாகியிருந்தது. மாதக்கணக்கில் பழகியிருந்தேன். மேடையில் ஆர்மோனியக்காரரோடு சுருதி பார்த்துக்கொண்டிருந்தபோது கமிட்டி ஆள் ஒருவர் வந்து விமலாவின் காதில் ஏதோ சொன்னார். என் நெற்றியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். விமலா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவளே பேட அந்த்ளு" என்றாள். அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், பின்னால் உட்கார்ந்துகொள்வாள் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ என்னவோ. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் எழுந்து பின்னால் போனேன். என் பாட்டை அவள் பாடினாள். நன்றாகவே பாடினாள். நான் சொல்லிக்கொடுத்ததுதானே.

திரும்பும்போது வேனில் பிரசாதத்தை என் மடியில் வைத்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. நான் அப்படிச் சொல்லலேன்னா அடுத்த வருஷம் குழுவையே கூப்பிட மாட்டாங்க" என்றாள். நான் பேசவில்லை. பேசினவன் நீ. கடைசி சீட்டிலிருந்து எழுந்து வந்து, ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அத்தை, அம்மா வேண்டாம்னு சொல்லவே இல்லை. நீங்க பொய் சொன்னீங்க" என்றாய். மீசை முளைக்காத முகம்.   ரேவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தேன். உன் அப்பா போன பிறகு எனக்காக எழுந்து நின்று பேசிய ஒரே ஆள் நீதான், தம்பி. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டி வந்திருக்கிறது பார்.

அதன்பிறகு நான் குழுவுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று விமலாவும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மைசூருக்குள்ளேயே விஜயநகரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வளவை விட்டே போய்விட்டாள். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. கேன்டீனில் பாடினேன், துணி துவைக்கும்போது பாடினேன். ஒரு நல்ல நாளில் பாடுகிற ஆசையை மட்டும் மடித்து வைத்துவிட்டேன்.

ரேவதியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று நீ வந்து சொன்னாயே, அன்றைக்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்தேனா? அந்தப் பெண் நல்ல பெண். அம்மா செய்ததற்கு மகள் என்ன செய்வாள்? விமலா பூ பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தாள், காபி குடித்தாள், "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதே" என்றாள். செய்தது தப்பு என்று சொல்லவில்லை. நான் வச்சுக்கொள்ளக்கூடாதாம். போகட்டும், பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்று தட்டை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே ஒன்று தீர்மானம் செய்தேன். உன் கல்யாணத்தில் நான் பாடுவேன். யார் பாட்டோ வேண்டாம், நானே கட்டிய பாட்டு. ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் பாடுவதற்குத்தான் கமிட்டியைக் கேட்க வேண்டும். பெற்ற பிள்ளை கல்யாணத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். காய் நறுக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஒவ்வொரு வரியாகக் கட்டினேன்.

ஊரெல்லாம் கூடி ஒரு வாழ்த்து சொல்ல,
ஒத்தையில் வளர்த்தவ என்ன சொல்ல, மகனே?
வெயிலுக்கு நிழலா ரெண்டு பேரும் இருங்க,
வந்தவங்க பசிக்குச் சோறா இருங்க.

இப்படிப் போகும். உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் வைத்திருந்து மணவறையில் பாட வேண்டும் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நீ வந்தாய். செருப்பைக் கழற்றும் விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. "அம்மா, விமலாத்தை சொல்றாங்க... முகூர்த்தத்துக்குச் சித்தப்பாவும் சித்தியும் ஜோடியா முன்னால இருக்கட்டுமாம். நீ கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கோயேன்" என்றாய். நான் கத்தவில்லை. "முடியாது, தம்பி. உன் பக்கத்துலதான் நிப்பேன். பாத பூஜையை நான்தான் வாங்குவேன்" என்றேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, பேஜார் பண்ணிக்காதே. நான் பேசிக்கறேன்" என்றாய். நான் நம்பினேன். வேனில் எழுந்து நின்ற பையன் அல்லவா? அவன் பேசிக்கொள்வான் என்று நம்பி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கல்யாணத்தன்று காலையில் நான் மணவறைப் பக்கம் வந்தபோது உன் சித்திதான் எதிரே வந்தாள். "அக்கா, உங்களுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்கு" என்றாள். பாவம், அவளுக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ மாலையைச் சரிசெய்துகொண்டாய். சரி, கூட்டத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது, கூப்பிடுவான் என்று போய் உட்கார்ந்தேன். தூணுக்குப் பின்னால் நாற்காலி. மேளக்காரர்களின் முதுகு தெரிந்தது. அந்த நேரத்தில்தான் புரோகிதர் தலையை உயர்த்தி, "ஹுடுகன தாயி எல்லி? கரீரி" என்றார். பையனின் அம்மா எங்கே, கூப்பிடுங்கள் என்று அவர் கேட்டார், தம்பி. புரோகிதருக்கே என் நெற்றியைப் பற்றிக் கவலை இல்லை. நான் எழுந்தே விட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அடியும் வைத்துவிட்டேன். அப்போது உன் குரல் கேட்டது. "அம்மானே பேட அந்த்ரு."

அம்மாவே வேண்டாம் என்றார்கள்.

விமலா சொன்ன அதே வார்த்தை. அவளாவது "அவளே" என்றாள், நீ மரியாதையாகச் சொன்னாய், அவ்வளவுதான் வித்தியாசம். அது பொய் என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். குண்டலுபேட்டையில் எனக்குச் சாட்சியாக நீ இருந்தாய். இங்கே எனக்குச் சாட்சி யார்? புரோகிதர் தலையாட்டிவிட்டுச் சித்தப்பாவை முன்னால் வரச் சொன்னார். நான் வைத்த அடியை அப்படியே வாசல் பக்கம் திருப்பினேன். பன்னீர் தெளிக்கிற பெண்ணைத் தாண்டி, செருப்புக் குவியலைத் தாண்டி, ரோட்டுக்கு வந்தேன். பின்னால் கெட்டிமேளம் முழங்கியது. என் மகனுக்குத் தாலி கட்டும் நேரம் என்று தெரிந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கே போகிறேன் என்று ஒரு திட்டமும் இல்லை. பட்டுப்புடவையோடு டவுன் பஸ்ஸில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஸ்ரீரங்கப்பட்டணம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். உட்கார இடம் இருந்தது, ஏறிவிட்டேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. வேறு கெட்ட நினைப்பு எதுவும் இல்லை, நீ பயப்படாதே. டிக்கெட் வாங்கிய பிறகுதான் அழுகை வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

"ஏங்க்கா, கல்யாணத்துக்குப் போறவங்க இப்படியா அழுதுகினே போவாங்க?" என்று பக்கத்துச் சீட்டில் இருந்தவள் கேட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். வண்டியின் முன் பாதி முழுக்க அவள் ஆட்கள். மடியில் பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் ஈரத்துணி மூடிய இரண்டு மாலை. அவள் பெயர் மாதம்மாள். தர்மபுரிப் பக்கம். விஜயநகரில் வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை. மகளுக்கு அன்றைக்குக் கல்யாணம். பையனும் அங்கேயே கொத்து வேலை செய்கிறவன். நல்ல முகூர்த்த நாளென்று ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்ட அழைத்துப் போகிறாள். "நானும் கல்யாண வீட்டுலேர்ந்துதான் வரேன். என் மகன் கல்யாணம்" என்றேன். அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அவளிடம் பாலம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "வாங்க, எங்க கூட வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

போனேன். படித்துறைக்கு மேலே அந்தக் கோயில். பூசாரி அவசரக்காரர், இவர்களுக்குப் பின்னாலும் இரண்டு கல்யாணக் கூட்டம் காத்திருந்தது. மேளம் கிடையாது. நாதஸ்வர கேசட் போடலாம் என்று யாரோ கொண்டுவந்த டேப்ரெக்கார்டர் பேட்டரி தீர்ந்துபோய் இழுத்து இழுத்துக் கத்தியது. நிறுத்திவிட்டார்கள். மணப்பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. "ஒரு சத்தமும் இல்லாமயா தாலி கட்டறது?" என்று ஒரு கிழவர் முனகினார். மாதம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க பாடுவேன்னு சொன்னீங்களே. ஒண்ணு பாடுங்க."

"நான் எப்படி..." என்று நெற்றியைத் தொட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று.

"உங்க வூட்டுக்காரர்தானே போனாரு? பாட்டுமா போச்சு?" என்றாள் மாதம்மாள். கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். "எம் புருசன் இருக்கறானா செத்தானான்னே எனக்குத் தெரியாது. விட்டுட்டுப் போனவன் போனவன்தான். அதுக்கோசரம் எம் மவ கல்யாணத்துல நான் ஒளிஞ்சிக்கணுமா? பாடுங்கக்கா, பூசாரி பறக்கறாரு."

பாடினேன். வேறு எந்தப் பாட்டும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. உனக்காகக் கட்டிய பாட்டுதான் வந்தது. "மகனே" என்ற இடத்தில் "மகளே" என்றேன். வேறு ஒரு சொல்லும் மாற்றவில்லை. முதல் வரியில் குரல் உடைந்தது. "ஒத்தையில் வளர்த்தவ" என்ற இடத்துக்கு வந்ததும் மாதம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு தேம்பினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்று குரல் நேரானது. அந்தப் பையன் தாலி கட்டினான். பின்னால் காத்திருந்த கல்யாணக் கூட்டங்களும் பேச்சை நிறுத்திக் கேட்டன. பூசாரி மணியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றார். முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் என் காலில் விழுந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பின்வாங்கவில்லை. இரண்டு தலையிலும் கை வைத்து, நல்லா இருங்க என்றேன். வாழ்நாளில் மணமக்களுக்கு நான் செய்த முதல் ஆசீர்வாதம் அதுதான். உனக்குச் செய்திருக்க வேண்டியது.

கோயிலுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் எல்லோரும் சித்ரான்னம் சாப்பிட்டோம். பிறகு பஸ் ஏறினேன். நான் கல்யாணச் சத்திரத்துக்குத் திரும்பியபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. "எங்கே போயிட்டே? போட்டோவுக்குத் தேடினோமே" என்றாள் விமலா. நீ அவளுக்குப் பின்னால் நின்றாய். என் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே கேமராக்காரரைக் கூப்பிட்டாய். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். கல்யாண வீட்டில் அழக்கூடாது என்பதற்காகச் சிரித்தேன்.

விமலாவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அன்றைக்குக் குழு போய்விடுமோ என்று பயந்தாள். இன்றைக்கு மகளின் தாலி பற்றிப் பயப்படுகிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ரேவதியின் நெற்றி ஞாபகம் வருகிறது. புரிகிறது. புரிந்துவிட்டால் வலிக்காது என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்கு வலித்ததில்லை. ஆனால் உன்னை எனக்குப் புரியவே இல்லை, தம்பி. "அம்மா, என்னால அவங்களை எதிர்த்துப் பேச முடியலை" என்று நீ முன்னாடியே சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், உனக்காக அந்தத் தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தும் இருப்பேன். என்னை ஒதுக்கியதுகூட இல்லை, நானே ஒதுங்கிக்கொண்டேன் என்று என் வாயில் நான் சொல்லாத வார்த்தையை வைத்தாய் பார், அதைத்தான் விழுங்க முடியவில்லை.

உனக்குக் குடும்பம் நடத்தப் புத்தி சொல்ல வேண்டிய கடிதம் இது. என்னிடம் இருப்பது ஒரே புத்திதான். ரேவதியிடம் "நான் பேசிக்கறேன்" என்று சொல்லாதே. பேச முடியுமென்றால் பேசிவிட்டு வந்து சொல். முடியாதென்றால் முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல். அவள் தாங்கிக்கொள்வாள். நம்பி ஒரு ராத்திரி தூங்கியவளைக் காலையில் கைவிடாதே. மற்றதெல்லாம் தானாக வரும். வெந்நீர் போடவும் வாடகை கட்டவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. போன வாரம் மாதம்மாள் கேன்டீன் வாசலுக்கே வந்துவிட்டாள். மணமக்களை மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப் போகிறார்களாம், "பாட ஆள் வேணும், வாங்கக்கா" என்றாள். போகிறேன். ஹனூர் வழியாகத்தான் பஸ் போகும். மலை ஏறும்போது பாட என்று நேற்றிலிருந்து ஒரு மெட்டு வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது, சொற்கள் இன்னும் வரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மெட்டு வருகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. யார் கைவிட்டாலும் அது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அதைத்தான் நான் சாமி என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

உன் கல்யாணப் பாட்டு மாதம்மாள் மகளுக்குப் போய்விட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. தீபாவளிக்கு நீங்கள் விஜயநகர் வீட்டுக்கு வருவீர்கள், என்னையும் அங்கே கூப்பிடுவாய். நான் வர மாட்டேன். நீ இங்கே வா. வருவதற்கு முன்னால் ரேவதியை உட்கார வைத்து, "அன்னைக்கு அம்மா வேண்டாம்னு சொல்லவே இல்லை, நான் பொய் சொன்னேன்" என்று உன் வாயால் சொல். வேனில் அதைச் சொல்ல உனக்குத் தெரிந்திருந்தது. அவள் அன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சொல்லாமல் வந்தாலும் வா. சோறு போடுவேன், தலைக்கு எண்ணெய் வைப்பேன், பாய் விரிப்பேன். பாட மட்டும் மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்